பூஜைக்காகத் திறந்து வைத்த கேபிள்கள்

பெரிய பாப்பா, சின்னவனே, இது உங்கள் இரண்டு பேருக்கும்.

பாப்பா, நீ நாலாவது படிக்கும்போது உன் பக்கத்தில் மலையிலிருந்து வந்த ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஒருநாள் உனக்குக் கடுக்காய் கொண்டுவந்து கொடுத்தாள். நீ நெல்லிக்காய் என்று நினைத்துக் கடித்துவிட்டு, வீடு வந்து சேரும்வரை துப்பிக்கொண்டே வந்தாய். அவள் ஒரு திங்கட்கிழமை பள்ளிக்கு வரவில்லை. அதற்குப் பிறகு வரவே இல்லை. நீ கேட்கும்போதெல்லாம், "அவங்க மலைக்கே போயிட்டாங்க" என்று உங்கள் அம்மா சொன்னாள். அது பொய்யில்லை. ஏன் போனார்கள் என்று மட்டும் சொல்லவில்லை. சொன்னால் உனக்குப் புரியாது என்று நினைத்தோம்.

போன வாரம் என்னிடம் சாதிச் சான்றிதழ் எதற்கு என்று கேட்டாய். படிப்புக்கும் வேலைக்கும் நம் சனத்துக்கு ஒரு பங்கு கிடைக்க வேண்டும், அதற்காக என்றேன். அது பாதிப் பதில்தான். மீதியைப் பேசிச் சொல்ல எனக்கு வரவில்லை, எழுதுகிறேன்.

அந்தப் பெண்ணின் அப்பா என்னோடு வேலை செய்தவர். அவருடைய வேலை எப்படிப் போனது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

நான் பத்தாவதோடு நின்றவன். முதலில் ரோட்டோரம் கேபிளுக்குப் பள்ளம் தோண்டினேன். பிறகு கேபிள் இழுத்தேன். பிறகு கட்டடங்களுக்குள்ளே கேபிள் பூட்டுகிற வேலைக்கு வந்தேன். அப்போதுதான் சேலம் ரோட்டில் ஒரு கம்பெனி பெரிய கட்டடம் ஒன்றை வாடகைக்கு எடுத்து டேட்டா சென்டர் போட்டது. மெட்ராசில் இருக்கும் அவர்கள் கணக்கு வழக்குக்கெல்லாம் இங்கேயும் ஒரு பிரதி இருக்கும். அங்கே வெள்ளம் வந்து எல்லாம் மூழ்கினாலும் இங்கே ஓடிக்கொண்டிருக்கும். அதற்காகத்தான் அந்தக் கட்டடம்.

உள்ளே வரிசை வரிசையாக இரும்பு அலமாரிகள் நிற்கும். ராக் என்போம். ஒரு ராக்கிலிருந்து இன்னொரு ராக்குக்குப் போகிற சின்னக் கேபிளுக்குப் பேட்ச் கார்டு என்று பெயர். கடல் பச்சை நிறம், சணல் கயிறு மாதிரி மெலிசாக இருக்கும். உள்ளே தலைமுடி அளவில் ஒரு கண்ணாடி இழை, அதில்தான் வெளிச்சம் போகும். நாங்கள் பூட்டியது மல்டிமோட் என்கிற வகை. ஒரே கட்டடத்துக்குள், கிட்டக் கிட்ட இருக்கிற மெஷின்களுக்கு அதுதான். கேபிளின் முனையில் வெள்ளையாக ஒரு சின்ன மொட்டு இருக்கும். அந்த மொட்டின் நடுவில் கண்ணாடி வாய் திறந்திருக்கும். கண்ணுக்கே தெரியாத தூசி ஒன்று அதில் உட்கார்ந்தால் போதும், வெளிச்சம் தடைபட்டுவிடும். அதனால் சொருகுகிற நிமிஷம் வரைக்கும் முனையில் பிளாஸ்டிக் மூடி இருக்க வேண்டும். மூடியை எடுத்து, துடைத்து, உடனே சொருக வேண்டும். விரலால் தொடக்கூடாது. வாயால் ஊதக்கூடாது. வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே எல்லோருக்கும் இதைத்தான் சொல்லிக் கொடுப்பார்கள்.

இது ஒற்றை ஆள் வேலையில்லை. இந்த ராக்கில் ஒருவன் நிற்க வேண்டும், அந்த ராக்கில் ஒருவன் நிற்க வேண்டும். ஒருவன் சிவப்பு வெளிச்சம் விட்டுக் குரல் கொடுத்தால், அந்தப் பக்கம் நிற்பவன் எந்தக் கேபிளில் வெளிச்சம் தெரிகிறது என்று சொல்ல வேண்டும். எனக்கு அந்தப் பக்கம் நின்றவர்தான் அந்தப் பெண்ணின் அப்பா. வெள்ளிமலைப் பக்கம். முன்பு மலையில் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தார். மலைமேல் டவர் போட வந்தவர்களுக்குச் சாமான் ஏற்றப் போய், அப்படியே கேபிள் வேலையைக் கற்றுக்கொண்டார். மெஷின் இரைச்சலில் கத்த வேண்டியிருந்ததால், அவர் என்னை "மாமோவ்" என்று கூப்பிட, நான் "மச்சான்" என்று கூப்பிட, அதுவே பழக்கமாகிவிட்டது. இங்கேயும் மச்சான் என்றே எழுதுகிறேன்.

நம் தெருவில் அவருக்கு வீடு பார்த்துக் கொடுத்ததும் நான்தான். மலைக்காரர் என்று தெரிந்ததும் மூன்று வீட்டில் இல்லை என்றுவிட்டார்கள். கடைசி வீட்டு அம்மா மட்டும் அவர் கழுத்தில் தொங்கிய கம்பெனி அட்டையைப் பார்த்தார். "மாசச் சம்பளமா? சரி, வரச் சொல்லு. கறி கிறி ஜாஸ்தி ஆக்கக்கூடாது" என்றார். மச்சான் சிரித்துக்கொண்டே, "வாங்குனாத்தானே ஆக்குறதுக்கு?" என்றார். அப்படித்தான் அந்தப் பெண் உன் வகுப்புக்கு வந்தாள். மலையில் அவள் ஊரிலிருந்து பள்ளிக்கு ஓடை தாண்டிப் போக வேண்டும். மழைக்காலம் முழுக்கப் பள்ளி இல்லை. அவள் படிப்பு இங்கேதான் என்று மச்சான் முடிவோடு இருந்தார். கட்டட வேலை முடிந்ததும் பராமரிப்புக்கு எங்கள் இரண்டு பேரையும் வைத்துக்கொள்வதாகக் கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். வேலை இருந்தால்தான் அந்த வீடு, வீடு இருந்தால்தான் அந்தப் பள்ளிக்கூடம். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அந்த வருஷங்களில்தான் இட ஒதுக்கீட்டுக்காக நம் ஆட்கள் மறுபடியும் ரோட்டுக்கு வந்தார்கள். என் சின்ன வயதில் புளிய மரங்களை வெட்டி ரோட்டில் போட்டதைப் பார்த்திருக்கிறேன். இப்போதும் அங்கங்கே மரம் விழுந்தது, பஸ் கண்ணாடி உடைந்தது. நானும் ஊர்வலத்தில் நடந்தேன். அதற்காக நான் வெட்கப்படவில்லை. எங்கப்பா அடுத்தவன் நிலத்தில் கரும்பு வெட்டியவர். உங்களுக்கு ஒரு சீட்டு கிடைக்கும் என்று நம்பித்தான் நடந்தேன்.

ஆனால் பேச்சு மாறிவிட்டது. கட்டடத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் தினமும் ஏதாவது ஒன்று வந்து விழும்.

"இன்னாடா, மலைக்காரன் உனக்கு மச்சானா? பொண்ணு எப்போ குடுத்த?"

"இப்போதைக்குக் கேபிளுக்கு ஒரு முனை குடுத்திருக்கேன்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். மச்சானும் சிரித்தார்.

"சிரிப்பான் சிரிப்பான். அவங்களுக்கு அரசாங்கமே தனியா எடுத்து வச்சிருக்குது. நம்மதான் ரோட்டுல நின்னுக்கினு கீறோம்."

"ஆமாங்க, தனியா வச்சிருக்காங்க" என்றார் மச்சான். "அதைப் போய் வாங்கினு வர்றதுக்கு ரோடுதான் இன்னும் போடல."

யாரும் சிரிக்கவில்லை. அதற்கப்புறம் அவர் டீயை வெளியே நின்று குடிக்க ஆரம்பித்தார்.

வெளியூரிலிருந்து வந்திருந்த ஆட்கள் மறியலுக்குப் பயந்து ஊருக்குப் போய்விட்டார்கள். எங்களோடு சூப்பர்வைசரும் இன்ஜினியர் தம்பி ஒருவரும்தான் மிச்சம். சூப்பர்வைசர் நம் சனம். கட்டடத்தின் சொந்தக்காரரும் நம் சனம்தான், போராட்டத்தில் முன்னால் நிற்கிறவர். அவரை எல்லோரும் பெரியவர் என்பார்கள். இரண்டு ஆளும் நான்கு ஆள் வேலையைச் செய்து கேபிள் எல்லாவற்றையும் இழுத்து, கட்டி, முனைகளை மெஷின் முன்னால் தொங்கவிட்டுத் தயாராக வைத்தோம். எல்லாம் மூடியோடு. இன்னும் சொருக வேண்டியதுதான் பாக்கி.

பூஜை போட்டுவிட்டுத்தான் சொருக வேண்டும் என்றார் பெரியவர். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் நல்ல நேரம் பார்த்தார்கள். இன்ஜினியர் தம்பி உளுந்தூர்பேட்டைக்குப் போனவர் மறியலில் மாட்டிக்கொண்டார், வரவில்லை. அவர் இருந்திருந்தால் தடுத்திருப்பார்.

உள்ளே புகை பட்டால் அலறுகிற கருவிகள் மேலே இருக்கும். சூப்பர்வைசர் ஏணி போட்டு, ஒவ்வொன்றின் வாயிலும் கேரி பேக் கட்டச் சொன்னார். கட்டினோம். பிறகு தொங்கிய கேபிள்களைப் பார்த்தார்.

"இது இன்னா மூடி?"

"தூசி வுழாம இருக்கத்தாங்க" என்றார் மச்சான்.

"பூஜை போடுறப்ப எவனாவது மூடி வைப்பானா? பெட்டி, கதவு, கல்லா எல்லாம் தெறந்து வச்சாத்தான்டா லட்சுமி உள்ள வருவா. எல்லாத்தையும் கழட்டு."

"கழட்டுனா தூசி ஒட்டிக்கும்ங்க. சொருகுற நேரத்துல கழட்டிக்கலாம்ங்க."

"சாமி காரியத்துல தூசின்றியா? கழட்டுன்னா கழட்டு."

இது நம் ஊரில் யாருக்கும் தப்பாகத் தெரியாது. ஆயுத பூஜைக்கு நாமும் தையல் மெஷினைத் திறந்துதானே வைக்கிறோம்? கழற்றினோம். வரிசை வரிசையாக வெள்ளை மொட்டுகள் எல்லாம் திறந்து தொங்கின. பெரியவர் ஆட்களோடு வந்தார். வாசலில் பூக்கூடையோடு நின்ற மச்சானைப் பார்த்து, "நீ அப்படியே நில்லுப்பா, பூவைக் குடுத்துட்டு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ரொம்ப சாதாரணமாகச் சொன்னார். மச்சான் அப்படியே வெளியே நின்றார். பூஜை முடியும் வரைக்கும் அவர் உள்ளே வரவில்லை.

சாம்பிராணி போட்டார்கள். ஏசியை நிறுத்தியிருந்ததால் புகை போக வழியில்லாமல் ராக்குகளுக்கு நடுவே நின்றது. தட்டு நிறையச் சூடம் எரிந்தது. பெரியவரோடு வந்த ஒருவர் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டே வந்தவர், கேபிள் முனைகளையும் விடவில்லை. ஒவ்வொன்றாகப் பிடித்துப் பொட்டு வைத்தார். திருநீறு எங்கும் பறந்தது. பிறகு பெரியவர் முதல் கேபிளைச் சொருகினார். எல்லோரும் கை தட்டினார்கள்.

"நேரம் முடியப் போவுது, மீதியைச் சொருகுங்கடா" என்றார் சூப்பர்வைசர்.

"துடைச்சிட்டுச் சொருகுறோங்க" என்றேன்.

"அப்புறம் துடைச்சிக்கலாம். சொருகு."

மச்சானை அப்போதுதான் உள்ளே கூப்பிட்டார்கள். இரண்டு பேரும் சொருகினோம். பெரியவர் சந்தோஷமாகச் சுவிட்சைப் போட்டார். கொஞ்சம் பச்சை விளக்கு எரிந்தது. கொஞ்சம் எரிந்து அணைந்தது. நிறைய எரியவே இல்லை.

 பெரியவரின் முகம் போன விதத்தை நான் பார்த்தேன். அது வெறும் விளக்கு இல்லை அவருக்கு. நாலு பேர் முன்னால் தன் கையால் ஆரம்பித்தது அணைந்துவிட்டது.

மத்தியானம் இன்ஜினியர் தம்பி வந்தார். ஒரு கேபிளைப் பிடுங்கி, முனையைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியில் வைத்துப் பார்த்தார். திரையில் வட்டமாகக் கண்ணாடி தெரிய வேண்டிய இடத்தில் கரியும் கட்டியுமாக இருந்தது. அவருக்கு உடனே புரிந்துவிட்டது. சுவரில் இன்னும் சாம்பிராணி வாசம் அடித்துக்கொண்டிருந்தது.

"யாருண்ணே மூடியை எடுத்தது?" என்று என்னைக் கேட்டார்.

நான் சொல்வதற்குள் சூப்பர்வைசர், "அவன்தான் கழட்டுனான்" என்று மச்சானைக் காட்டினார்.

"நீங்க சொன்னீங்க, நாங்க ரெண்டு பேரும்தான் கழட்டுனோம்ங்க" என்றேன். "பூஜையப்ப அவன் உள்ளயே இல்லீங்களே. வாசல்ல இல்ல நின்னுக்கினு இருந்தான்?"

சூப்பர்வைசர் என்னைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போனார். "டேய், பூஜையிலதான் கெட்டுதுன்னு பெரியவர்கிட்ட நான் போய்ச் சொல்லணுமா? மெட்ராசுக்கு யார் பேராவது சொல்லியாவணும். உன் பேரைச் சொல்லட்டா? நீ நம்ம ஆளுடா."

இன்ஜினியர் தம்பியிடம் போனேன். அவர் என் கண்ணைப் பார்க்காமல், "புகைன்னு நான் சொன்னா, புகை எப்படி வந்துச்சுன்னு கேப்பாங்கண்ணே. இந்தப் பில்டிங்குல நான் இன்னும் வேலை முடிக்கணும்" என்றார்.

அதற்குள் வேறு ஒரு பேச்சும் கிளம்பிவிட்டது. பூஜைக்கு முன்னால் மலைக்காரன் எல்லாவற்றையும் தொட்டுவிட்டான், அதனால்தான் என்று. யார் முதலில் சொன்னது என்று எனக்குத் தெரியாது. டீக்கடைக்குப் போய்ச் சேர அதிக நேரம் ஆகவில்லை.

அன்றைக்கும் மறுநாளும் நாங்கள் இரண்டு பேரும் ஒவ்வொரு கேபிளையும் பிடுங்கித் துடைத்தோம். கேபிள் மட்டுமில்லை, அழுக்கோடு சொருகியதால் மெஷினின் வாயையும் துடைக்க வேண்டியிருந்தது. துடைக்கிற கருவி பேனா மாதிரி இருக்கும், அழுத்தினால் 'க்ளிக்' என்று சத்தம் வரும். இரண்டு நாளும் அந்தச் சத்தம்தான். குங்குமம் பட்டது லேசில் போகவில்லை. ஸ்பிரிட்டில் நனைத்த துணியில் துடைத்து, பார்த்து, மறுபடி துடைத்தோம். மச்சான் என்னைவிடப் பொறுமையாகச் செய்தார். சரியாக முடித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவர் நினைத்தது எனக்குத் தெரிந்தது. சனிக்கிழமை சாயங்காலம் எல்லா விளக்கும் பச்சையாக எரிந்தது.

அது வரைக்கும் காத்திருந்துவிட்டு, சூப்பர்வைசர் அவரிடம் கை நீட்டினார். "அட்டையைக் குடு."

மச்சான் கழற்றிக் கொடுத்தார். 

அன்றைக்கு ராத்திரியே நான் பெரியவர் வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொன்னார், மோர் கொடுக்கச் சொன்னார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பூஜையைக் குறை சொல்லவில்லை, மூடியைக் கழற்றச் சொன்னது யார் என்று மட்டும் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"உனக்குப் பொண்ணு இருக்குதா?"

"இருக்குதுங்க. நாலாவது."

"நாளைக்கு அதுக்கு ஒரு சீட்டு வேணும். வேலை வேணும். நாங்க யாருக்காக ரோட்டுல நின்னு அடி வாங்குறோம்?"

"நானும் வந்தேங்க."

"வந்த இல்ல? அப்போ ஒத்த ஆளுக்காக ஊரை விட்டுக் குடுக்காத. அவனுக்கு அரசாங்கம் இருக்குது. போ, மோரைக் குடிச்சிட்டுப் போ."

மோரைக் குடித்துவிட்டு வந்தேன். இப்போதும் யோசித்துப் பார்க்கிறேன், அவரிடம் என்ன சொல்லியிருக்கலாம் என்று. மச்சான் பெண்ணுக்கும் நாலாவதுதான் என்று சொல்லியிருக்கலாம். அது வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கார அம்மா மச்சான் வீட்டு வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார். "எனக்கு ஒண்ணும் இல்லப்பா. தெருவுல நாலு பேரு நாலு விதமா பேசுறாங்க. நல்ல பூஜையைக் கெடுத்தவனுக்கு வூடு குடுத்திருக்கியேன்னு கேக்குறாங்க. கையில அட்டையும் இல்ல. நான் இன்னா பண்ணுவேன், சொல்லு."

"இன்னைக்கே போயிடுறோம்மா" என்றார் மச்சான்.

பஸ் ஓடவில்லை. என் வண்டியில் இரண்டு நடையாக அவர்களையும் சாமானையும் கச்சிராயபாளையம் தாண்டிக் கொண்டுபோனேன். மலையடிவாரத்துக்குக் கொஞ்சம் முன்னால் ரோட்டின் குறுக்கே ஒரு பெரிய மரம் கிடந்தது. மலையிலிருந்து வந்த ஜீப் அந்தப் பக்கமே நின்றுவிட்டது. பாத்திரம், துணி மூட்டை, அடுப்பு எல்லாவற்றையும் கிளைகளுக்கு மேலே கை மாற்றி அந்தப் பக்கம் கொடுத்தோம். அவர் மனைவியின் சேலை கிளையில் மாட்டிக் கிழிந்தது. அந்த அம்மா முந்தானையைச் சுற்றிக்கொண்டார்.

"பெரியவர்கிட்டப் பேசினேன் மச்சான்" என்றேன்.

"கேள்விப்பட்டேன். எதுக்கு மாமா போன? உனக்கு நாளைக்கு வேலை இருக்க வேணாமா?"

"நீ வேற எங்கயும் வேலைக்குப் போவாத. மெட்ராசுல ஆள் கேக்குறாங்க, நான் சொல்லி வைக்கிறேன்."

"மெட்ராசுல இந்தப் பொண்ணை எங்க படிக்க வைப்பேன்? வுடு மாமா." சொல்லிவிட்டு மூட்டையைத் தூக்கினார். கோபமா, அலுப்பா என்று எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பெண் மரத்துக்கு மேலே ஏறி நின்றுகொண்டிருந்தாள். "மாமா, டீச்சர்கிட்ட நான் நாளைக்கு வரலன்னு சொல்லிடுவீங்களா? பாப்பாகிட்ட என் ரப்பர் இருக்குது. அவளே வச்சிக்கட்டும்."

சொல்கிறேன் என்றேன். டீச்சரிடம் போய்ச் சொல்லவும் செய்தேன்.

என்னை அங்கேயே பராமரிப்புக்கு வைத்துக்கொண்டார்கள். அந்தச் சம்பளத்தில்தான் நீங்கள் படிக்கிறீர்கள். ஒருமுறை கரியாலூர் பக்கம் வேலையாகப் போனபோது அவர்கள் ஊருக்குப் போய்க் கேட்டேன். மச்சான் இல்லை. ஆந்திராவுக்குச் செம்மரம் வெட்ட ஆள் கூட்டிப்போன ஒருவனோடு போனார், பல மாசமாகத் தகவல் இல்லை என்றார் அவர் மனைவி. அந்தப் பெண் மரவள்ளிக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள், அடையாளம் தெரிந்தது, ஆனால் கிட்டே வரவில்லை. இதை உன்னிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை பாப்பா. ஆனால் சான்றிதழ் பற்றிக் கேட்டவள் நீ. உனக்குக் கிடைக்க வேண்டியதை வாங்கிக்கொள். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதற்காக நடந்தவன் நான். அதோடு இதுவும் நடந்தது என்று தெரிந்துகொண்டு வாங்கு.

அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லி நிறுத்துகிறேன். ஜீப் திரும்பி மலைப்பக்கம் போய்விட்டது. ரோட்டில் நான் மட்டும்தான். வண்டியை எடுக்கப் போனவன், சாவியைத் திருப்பாமல் இறங்கினேன். அந்த மரத்தை வெட்டியவர்கள் யார் என்று எனக்குத் தெரியும், அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். அடிமரம் என் பலத்துக்கு அசையவில்லை. அரிவாளும் இல்லை. கிளைகளைக் கையால் ஒடித்து, ஒவ்வொன்றாக இழுத்துப் பள்ளத்தில் போட்டேன். உள்ளங்கை உரிந்தது. ரோட்டின் ஓரமாக ஒரு ஜீப் போகிற அளவுக்கு இடம் வரும்வரை இழுத்துப் போட்டேன். பிறகு வீட்டுக்கு வந்தேன்.